புஷ்பக விமானத்துக்கு அலுமினியம் ஏது?

(பொத்தேரியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இந்தக் கூட்டத்தை ரயில் பாதைக்கு இவ்வளவு பக்கத்தில் போட்டுவிட்டதற்காக இவ்வூர்த் தோழர்கள் நம்மிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டார்கள். மின்சார ரயில் போகும்போதெல்லாம் நாம் பேச்சை நிறுத்த வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குக் கவலை. நமக்கு அதில் வருத்தமில்லை. ஏனெனில் இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு அந்த ரயிலைக் காட்டிலும் நல்ல சாட்சி கிடைக்காது. அது வந்து தன் சாட்சியத்தைச் சொல்லிவிட்டுப் போகட்டும். நாம் அப்புறம் தொடர்ந்து பேசிக்கொள்ளலாம்.

ஒரு நாட்டுக்கு யந்திர முன்னேற்றம் எப்படி வருகிறது? இதுதான் விஷயம். இதற்கு நம் ஜனங்களிடம் தயாராக இருக்கும் பதில்கள் மூன்று. எல்லாம் ஆண்டவன் கொடுப்பது என்பது ஒன்று. எல்லாம் நம் முன்னோர்களிடம் முன்னமே இருந்தது, வெள்ளைக்காரன் திருடிக்கொண்டான் என்பது இன்னொன்று. யாரோ ஒரு மகா புத்திசாலி திடீரென்று பிறந்து கண்டுபிடித்துவிடுகிறான் என்பது மூன்றாவது. முதல் பதிலைச் சொல்லுகிறவன் சோம்பேறி. அவனோடு நமக்கு வழக்கில்லை. இரண்டாவது பதிலைச் சொல்லுகிறவன் ஆபத்தானவன். அவனைத்தான் முதலில் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இராவணனிடத்தில் புஷ்பக விமானம் இருந்தது என்கிறார்கள். கதை என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் நாமும் கேட்டுவிட்டுப் போய்விடுவோம். ஆனால் 2015-ஆம் வருஷம் ஜனவரி மாதம் பம்பாயில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரஸ் மகாநாட்டிலேயே, வேத காலத்தில் விமானம் பறந்ததென்று ஒருவர் கட்டுரை படித்தார். அதற்கு ஆதாரமென்று காட்டப்படுவது வைமானிக சாஸ்திரம் என்கிற புத்தகம். அந்தப் புத்தகத்தைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐந்து ஆராய்ச்சியாளர்கள் அதற்கு நாற்பது வருஷம் முன்பே, 1974-லேயே, பரிசோதித்து, அது 1904-க்கு முந்தியதாக இருக்க முடியாதென்றும், அதில் வர்ணித்திருக்கிறபடி செய்தால் எதுவும் பறக்காதென்றும் எழுதிவைத்துவிட்டார்கள். ஆனாலும் மகாநாட்டில் அந்தக் கட்டுரை படிக்கப்பட்டது!

நாம் அந்தப் பண்டிதர்களிடம் சமஸ்கிருத இலக்கணம் பேசப் போகவில்லை. ஒரு கொல்லன் கேட்கக்கூடிய கேள்வியைத்தான் கேட்கிறோம். விமானம் என்றால் கனமில்லாத உலோகம் வேண்டுமே, அலுமினியம் ஏது? மண்ணிலிருக்கும் பாக்சைட்டிலிருந்து அலுமினியத்தைப் பெரிய அளவில் பிரிக்கிற வழி உலகத்துக்குத் தெரிந்ததே 1886-இல்தான். ஒரு கிலோ அலுமினியம் எடுக்கச் சுமார் 14 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் நாட்டில் 1965-இல் மேட்டூரில் அந்த ஆலை வந்தபோது, சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் பாக்சைட்டு இருந்தது, பக்கத்தில் மின்சாரமும் இருந்தது, ஆகவே வந்தது. இராவணனுக்கு எந்த மலையில் சுரங்கம்? எந்த அணையில் மின்சாரம்? பெட்ரோல் எந்தக் கிணற்றிலிருந்து? சக்கரத்துக்கு ரப்பர் எந்தத் தோட்டத்தில்? ரிப்பேர் வந்தால் பார்க்கிற பிட்டர் யார், அவன் எந்த ஜாதி? இத்தனை பேரில் ஒருவனைப் பற்றியாவது ஒரு சுலோகம் உண்டா?

ரைட் சகோதரர்கள் 1903-இல் பறந்தார்கள். அவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். அவர்களுடைய விமானத்தின் இறக்கைச் சுழலியைச் சுற்றியது சைக்கிள் சங்கிலி மாதிரியான சங்கிலிதான். யந்திரத்தைச் செய்தவர் அவர்கள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்கிற மெக்கானிக்; யந்திரத்தின் உடம்பு அலுமினிய வார்ப்பு. ஆகவே அந்த ஊரில் சைக்கிள் இருந்தது, வார்ப்புப் பட்டறை இருந்தது, பெட்ரோல் விற்றது, கடைசல் வேலை தெரிந்த கூலிக்காரன் இருந்தான். அதற்குமேல் இரண்டு புத்திசாலிகளும் இருந்தார்கள். இந்தக் கடைசிச் சங்கதியை மாத்திரம் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறவர்கள்தாம் அந்த மூன்றாவது பதில்காரர்கள்.

சரி, பூமிக்குள் பொருள் இருந்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி கோடிக்கணக்கான வருஷங்களாக அங்கேயே கிடந்தது. சோழனும் அதன்மேல் நடந்தான், நாயக்கனும் நடந்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டும்போது கறுப்பாக என்னமோ வருகிறதே என்று கவனித்துச் சர்க்காருக்குச் சொன்னார். அதன் பிறகும், 1956-இல் கம்பெனி ஏற்பட்டு, நிலத்தடி நீரை ஓயாமல் இறைக்கக் கற்றுக்கொண்டு, ஜெர்மனியிலிருந்து வெட்டும் யந்திரமும் ருஷ்யாவிலிருந்து மின் நிலைய உதவியும் வாங்கி, 1962-இல்தான் விளக்கு எரிந்தது. கோடி வருஷம் கரியாயிருந்தது, மனிதன் அறிந்த பிறகே செல்வமாயிற்று.

(இங்கே ரயில் போனபடியால் சற்று நிறுத்தப்பட்டது.)

தோழர்களே! இப்போது இந்தச் சாட்சியை விசாரிப்போம். இந்தப் பாதையில் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ஆம் வருஷம். அப்போது அதன் யந்திரங்கள் சீமையிலிருந்து வந்தவை. தாம்பரத்தோடு மின்சாரம் நின்றுவிட்டது. பொத்தேரிக்காரர்கள் கரி வண்டிப் புகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1960-களில்தான் மின்கம்பி உங்கள் ஊரைத் தாண்டி விழுப்புரம் பக்கம் போயிற்று. இதற்கு நடுவில் ஒரு காரியம் நடந்தது. 1955-இல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஏற்பட்டது. அதற்குச் சுவிட்சர்லாந்துக் கம்பெனி ஒன்று வழி காட்டிற்று. அதே தொழிற்சாலை 2018-இல் இப்போது வந்தே பாரத் என்று சொல்லுகிற வண்டியைத் தானே திட்டம் போட்டு, சுமார் 18 மாதத்தில் செய்து முடித்தது. வாங்கி ஓட்டியவன் கேட்டுச் செய்கிறவனாகி, பிறகு தானே செய்கிறவனாக மாற இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது. இந்த வருஷங்களில் நடந்தது பூஜையல்ல, பயிற்சி. பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., எஃகு ஆலை, மின் நிலையம், இவைகள்தான்.

ஆனாலும் நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். 2022-இல் யுக்ரேன் தேசத்தில் யுத்தம் மூண்டபோது இந்த வந்தே பாரத் வண்டிக்கு வரவேண்டிய சக்கரங்கள் அங்கே தங்கிவிட்டன. அண்டை நாடான ருமேனியாவுக்குக் கொண்டுவந்து அங்கிருந்து விமானத்தில் கொஞ்சம் ஏற்றிவர வேண்டியதாயிற்று. சுதர்சனச் சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் சாமி நமக்கு ஊருக்கு ஊர் இருந்தும், ரயில் சக்கரத்துக்கு யுக்ரேனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது!

நிற்க, ஜனத்தொகை விஷயத்துக்கு வருவோம். ஜனம் அதிகமிருந்தால் புத்திசாலிகளும் அதிகமிருப்பார்கள், ஆகவே முன்னேற்றம் தானே வரும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அப்படியானால் உலகத்துக்கே நாமல்லவா ரயில் செய்து கொடுத்திருக்க வேண்டும்? இந்தியாவில் ரயில் ஓடியது 1853-இல். தென்னாட்டில் இராயபுரத்திலிருந்து ஓடியது 1856-இல். ஜப்பானில் 1872-இல்தான். நமக்குப் பத்தொன்பது வருஷம் பின்னால் வந்தவன் ஜப்பான்காரன். ஜனத்தொகையிலோ நம்மில் ஒரு பங்கு. அவன் 1893-இல் தன் முதல் ரயில் என்ஜினைச் செய்தான். நம் அஜ்மீர் பட்டறையிலும் 1895-இல் ஒன்று செய்தார்கள். ஆனால் அவன் அப்புறம் இருபது வருஷத்துக்குள் வெளியில் வாங்குவதை ஏறக்குறைய விட்டுவிட்டான். நாமோ வெள்ளைக்காரன் போகிறவரையில் அவனிடமே வாங்கிக்கொண்டிருந்தோம். அந்நிய ஆட்சி தன் வியாபாரத்துக்காக நம்மைச் செய்யவிடவில்லை என்பது மெய். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் மற்றொன்றும் மெய். ஜப்பானில் ரயில் விட்ட அதே 1872-இல், ஆண் பெண் எல்லாரும், எந்தக் குடியில் பிறந்தவராயினும், பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். நம் நாட்டில் 1951-ஆம் வருஷக் கணக்கெடுப்பிலே கூட ஜனத்தொகை 36 கோடி. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். பெண்களில் நூற்றுக்கு ஒன்பது பேர் கூட இல்லை. ஆகவே, நாம் 36 கோடி என்று சொன்னது வயிற்றை எண்ணிச் சொன்னது. தலையை எண்ணியிருந்தால் கணக்கு வேறு.

அந்தத் தலைகளை மூடிவைத்தது யார்? உங்கள் ஊர்ப் பெயரிலேயே ஏரி இருக்கிறது. இந்தச் செங்கல்பட்டுச் சீமையே ஏரிச் சீமை. ஏரி என்பது லேசான வித்தையல்ல. கரை போடவும், மதகு வைக்கவும், கலங்கல் அமைக்கவும் மண்ணின் குணமும் நீரின் போக்கும் தெரிந்த கை வேண்டும். அந்த வித்தையைச் செய்தவர்கள் நம்மவர்கள் என்பதில் நமக்கும் பெருமைதான். ஆனால் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படியுங்கள். சுமார் கி.பி. 920-இல், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டியது. குடவோலை முறை, ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, அதுதான். அதில் ஏரி வாரியம் என்று ஒரு கமிட்டி உண்டு. அதில் உட்கார என்ன யோக்கியதை வேண்டும்? கால் வேலிக்கு மேல் வரிகட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள். இவைகளோடு வேதம் தெரிந்திருக்க வேண்டும்! ஏரியின் அடைப்பு எந்த மந்திரத்துக்குத் திறக்கும்? வேதம் படிக்கக் கூடாதென்று தள்ளப்பட்டவன் எவனோ, அவன்தான் கூடை சுமந்து கரை போட்டவன். மண் தெரிந்தவனுக்கு வாரியத்தில் இடமில்லை; வாரியத்திலிருந்தவனுக்கு மண் தெரிய வேண்டியதில்லை. இப்படிக் கையையும் தலையையும் இரண்டு ஜாதியாகப் பிரித்துவைத்த நாட்டில், ஏற்றம் ஆயிரம் வருஷம் ஏற்றமாகவே இருந்ததில் என்ன ஆச்சரியம்?

பெண்கள் சங்கதி இன்னும் மோசம். தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டுகிறோம். சென்னையில் 1919-இல் பிறந்த லலிதா என்கிற அம்மையாருக்குப் பதினைந்து வயதில் கலியாணம் செய்தார்கள். பதினெட்டு வயதில் கையில் குழந்தையோடு விதவையானார். அந்தக் காலத்தில், அந்தக் குடும்பத்து வழக்கப்படி, விதவைக்கு என்ன கதி என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் படிக்க வேண்டுமென்றார். அவருடைய தகப்பனார் கிண்டி இஞ்சினீயரிங் காலேஜில் ஆசிரியராயிருந்தபடியால், மேலதிகாரிகளிடம் கேட்டு அனுமதி வாங்கினார். லலிதா அம்மையார் 1940-இல் சேர்ந்து, 1943-இல் மின்சார இஞ்சினீயராகத் தேறினார். பட்டயத்தில் 'அவன்' என்றுதான் அச்சடித்து வைத்திருந்தார்களாம். அதை அடித்துவிட்டு 'அவள்' என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். பின்னால் பக்ரா நங்கல் அணையின் மின்சாரக் கம்பி வேலையில் அவருடைய கையும் இருந்தது.

இதைக் கேட்டு நீங்கள் கைதட்டுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் நாம் கேட்பது வேறு. அவர் தகப்பனார் காலேஜில் ஆசிரியராக இல்லாமல், ஒரு கோயிலில் மணியடிக்கிறவராகவோ, ஒரு வயலில் ஏர் பிடிக்கிறவராகவோ இருந்திருந்தால்? அந்த 1937-இல் சென்னை ராஜதானியில் எத்தனை ஆயிரம் பதினெட்டு வயது விதவைகள் மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்? அவர்களில் எத்தனை அணை, எத்தனை யந்திரம், எத்தனை வைத்தியம் மூலையிலேயே மக்கிப் போயிற்று? அதற்கு எந்தச் சர்க்காரிடத்திலும் கணக்கில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜனத்தொகையில் ஒரு பாகத்தை மலிவாக வைத்திருந்தால், யந்திரம் வரவே வராது. மனிதன் யந்திரத்தைக் காட்டிலும் மலிவானால், யந்திரத்துக்கு யார் செலவு செய்வார்கள்? 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு 23-ஆம் தேதி நம் நாட்டுக் கலம் சந்திரனில் இறங்கிற்று. அதே நாட்டில் சாக்கடைக் குழிக்குள் மனிதனை இறக்கிவிட்டு, விஷ வாயுவில் அவன் செத்துப்போவதும் நின்றபாடில்லை. 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் ஒரு சட்டம்; சட்டத்துக்கு ஒன்றும் குறைவில்லை. சந்திரனுக்குப் போகிற மூளைக்குச் சாக்கடையில் அடைப்பெடுக்க ஒரு யந்திரம் செய்யத் தெரியாதா? தெரியும். கேரளத்தில் சில இளைஞர்கள் செய்து, 2018-இல் திருவனந்தபுரத்தில் இறக்கியும் காட்டிவிட்டார்கள். அதற்கு முன் அது ஏன் வரவில்லையென்றால், குழியில் இறங்குகிறவன் ஒரே ஜாதியிலிருந்து, கூப்பிட்ட நேரத்துக்கு, சொற்பக் கூலிக்கு வந்துகொண்டிருந்தான். சந்திரனுக்கு அப்படிக் கூப்பிட்டால் வருகிற ஜாதி எதுவும் இல்லை. ஆகவே ராக்கெட்டு வந்தது! செத்தவன் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-இல் சொல்லிற்று. 2023-இல் முப்பது லட்சம் என்றது. மனிதனுடைய விலை ஏற ஏற யந்திரம் கிட்டே வரும். இது நம்முடைய கண்டுபிடிப்பல்ல. கூலி உயர்ந்த நாடுகளிலெல்லாம் நடந்த கதை.

சந்திரனைப் பற்றிச் சொன்னோம். அதைச் சும்மா விட்டுவிட்டுப் போக மனமில்லை. ஏனென்றால் நாம் சொன்ன மூன்றும், ஜனம், பொருள், வசதி ஆகிய மூன்றும், அதிலே கூடியிருக்கின்றன. அதுவும் இந்த ரயில் பாதையிலேயே. சந்திரயான்-3 திட்டத்துக்கு இயக்குநராயிருந்தவர் விழுப்புரத்து வீரமுத்துவேல். அவர் தகப்பனார் தெற்கு ரயில்வேயில் டெக்னீஷியன். பிள்ளை படித்தது விழுப்புரம் ரயில்வே பள்ளிக்கூடம். பிறகு அவ்வூரிலேயே டிப்ளமா. பிறகு இதோ இந்த மேற்குத் தாம்பரத்தில் இஞ்சினீயரிங். அப்புறம் திருச்சி, சென்னை ஐ.ஐ.டி. கலத்தை இறக்கிச் சோதிக்கச் சந்திரனின் மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தது. அது நாமக்கல் ஜில்லாவில் சித்தம்பூண்டி, குன்னமலை என்கிற கிராமத்துப் பாறையில் இருக்கிறதென்று சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து மண்ணியல் துறையார் காட்ட, ஐம்பது டன் அளவில் அங்கிருந்து போயிற்று. யந்திரங்களைக் கொளுத்திச் சோதிக்கத் திருநெல்வேலிச் சீமை மகேந்திரகிரியில் இடமிருந்தது. ரயில்வே பள்ளிக்கூடம் இல்லை, டிப்ளமா இல்லை, பாறையைப் படித்த வாத்தியார் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கலம் எங்கே இறங்கும்?

ஆனால் திருப்பதிக்குப் பொம்மைக் கலத்தை எடுத்துக்கொண்டு போய்க் கும்பிட்டார்களே, அதனால்தான் இறங்கிற்று என்று சொல்லுகிறவர்களும் உண்டு. 2019-இலும் சந்திரயான்-2 புறப்படுமுன் திருப்பதிக்குப் போனார்கள். அதன் இறங்கு கலம் விழுந்து நொறுங்கிற்று. 2023-இலும் போனார்கள், இறங்கிற்று. சாமி அதே சாமி. லட்டும் அதே லட்டு. நடுவில் மாறியது என்னவென்றால், கலத்தின் கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், கணக்கைத் திருத்தினார்கள், அரைக் கிலோமீட்டர் சதுரத்தில் இறங்கு என்றிருந்ததை நாலு கிலோமீட்டர் நீளமும் இரண்டரைக் கிலோமீட்டர் அகலமும் உள்ள இடமாக விரித்துக் கொடுத்தார்கள். தோல்வியை உட்கார்ந்து படித்தார்கள். அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு புது ஆபத்து. தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறுகிற பிள்ளை சராசரி இரண்டுக்கும் கீழே வந்துவிட்டது. உடனே, ஜனம் குறைந்தால் நாடு தேயும், அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. 2024-இல் ஆந்திரா முதல் மந்திரியே அப்படிச் சொன்னார். 1930-களில் இவ்வியக்கம் கர்ப்பத்தடை பேசியபோது நாடு கெட்டுவிடும் என்று கத்தினார்கள். நாடு கெடவில்லை, தாய்மார்கள்தாம் பிழைத்தார்கள். ஜனம் குறைவதில் கஷ்டமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கிழவர்கள் அதிகமாகி, உழைக்கிறவர்கள் குறைகிற காலம் வரும். ஆனால் தலை குறைகிறதென்று உண்மையிலேயே கவலைப்படுகிறவன், இருக்கிற தலைகளையல்லவா முதலில் எண்ண வேண்டும்? படித்து முடித்த பெண்ணைக் கலியாணம் ஆனதும் சமையற்கட்டில் நிறுத்திவைத்துக்கொண்டு, ஆள் போதவில்லை, இன்னும் இரண்டு பெறு என்பது என்ன நியாயம்?

இந்தப் பக்கத்து மறைமலைநகரில் 1999 முதல் மோட்டார்க் கார் செய்த போர்டு கம்பெனியார், 2021-இல் மூடுவதாகச் சொல்லி 2022-இல் நிறுத்திவிட்டார்கள். 2024-இல் மறுபடியும் வருகிறோம் என்று அறிவித்தார்கள். வரட்டும், சந்தோஷம். ஆனால் வருவதும் போவதும் அவர்கள் கையிலிருக்கிறது. அங்கே வேலை பார்த்த பையன்கள் கையில் தங்கிய வித்தையே நம்முடையது. அந்தப் பையன்களில் நம் சேரியிலிருந்து போனவன் எத்தனை பேர், பெண் எத்தனை பேர் என்று இவ்வூர்த் தோழர்கள் ஒரு கணக்கெடுத்தால் நன்றாயிருக்கும். இவ்வளவு பெரிய காலேஜுகள் கண்ணுக்கெதிரே இருக்கிற ஊரில், அதன் மதிலுக்கு வெளியேயிருக்கும் குடிசைகளிலிருந்து உள்ளே படிக்கப் போனவர்கள் எத்தனை பேர் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பேசுவோம்.

செங்கல்பட்டுப் பக்கம் போகிற தோழர்களுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம், எழுந்து நின்றும் கேட்கலாம்.